நோவுக்கு ஒரு சொல்



பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையோரம் விடியற்காலையில் நடந்து செல்வோர், மதிலுக்கு அப்பாலிருந்து எழும் அணிவகுப்பு ஒலியைக் கேட்டிருப்பர். அங்கே அமைந்திருப்பது மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையகம். 1780-ஆம் ஆண்டு சென்னையில் இரண்டு கம்பெனிகளாகத் தோன்றிய அப்படை, நூறாண்டுக்கும் மேலாகப் பெங்களூரையே தன் வீடாகக் கொண்டிருக்கிறது. தமிழர், தெலுங்கர், கன்னடியர், மலையாளிகள் ஆகிய தென்னாட்டார் அனைவரும் அதில் சேர்ந்திருக்கின்றனர். அப்படை வீரனைப் பிற படைகளிலுள்ளோர் அழைக்கும் செல்லப் பெயர் 'தம்பி' என்பதாகும். தமிழ்ச்சொல் ஒன்று, தமிழறியாத பஞ்சாபியின் வாயிலும் வங்காளியின் வாயிலும் இவ்வாறு வாழ்ந்து வருவதை எண்ணும்போது நம் உள்ளம் மகிழ்கின்றது.

அம்மதிலைக் கடக்கும்போதெல்லாம் நம் மனத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. ஊரும் மொழியும் விட்டு நெடுந்தொலைவு செல்லும் படைவீரன், அங்கே அந்நாட்டு வீரருடன் தோளோடு தோள் நின்று பணியாற்ற வேண்டியிருக்கிறதே. அவன் நாள்தோறும் எவ்வாறு வாழ்கிறான்? போர்க்களத்து வீரச் செயல்களை வரலாறு எழுதி வைத்துவிடுகிறது. தண்ணீர் கேட்பதும், பசி உணர்த்துவதும், வலிக்கும் இடத்தைக் காட்டுவதும் எந்த ஏட்டிலும் முழுமையாக ஏறுவதில்லை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்குவதே தொழிலாகக் கொண்ட நமக்கு, இக்கேள்வி ஓரளவு நம் தொழிலைப் பற்றிய கேள்வியாகவும் தோன்றியது. விடை தேடப் புகுந்தபோது, நம் நாட்டு வரலாற்றிலேயே அதற்கு ஒரு நல்ல சான்று கிடைத்தது. அதுதான் கொரியாவுக்குச் சென்ற இந்திய மருத்துவப் படையின் கதை.

1950-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் கொரியப் போர் மூண்டது. அப்போரில் துப்பாக்கி ஏந்திச் சண்டையிட இந்தியா ஆட்களை அனுப்பவில்லை. காயமுற்றோரைக் காக்க ஒரு மருத்துவப் படையை அனுப்பியது. அதன் பெயர் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ், தமிழ்நாட்டைச் சேர்ந்த மருத்துவர். இந்தியரில் முதன்முதல் பாராசூட்டின் துணையால் விமானத்திலிருந்து குதித்தவர்களுள் ஒருவர். அறுவை மருத்துவர், மயக்க மருந்து தருவோர், பல் மருத்துவர், செவிலிப் பணியாளர் என ஏறத்தாழ 350 பேர் அவருடன் சென்றனர். 1950 நவம்பர் 20-ஆம் நாள் அவர்கள் பூசான் துறைமுகத்தில் இறங்கினர். நம் நாட்டின் மார்கழிப் பனியையே குளிர் என்று எண்ணியிருந்தோர், பூஜ்யத்துக்கும் கீழே 20 பாகை இறங்கும் குளிர்காலத்தின் வாயிலில் போய் நின்றனர்.

அவர்கள் வடக்கே பியோங்யாங் நகரை அடைந்த சில நாட்களுக்குள் போரின் போக்கு மாறிற்று. சீனப் படைகள் திரண்டு வரவே, ஐக்கிய நாடுகளின் படைகள் பின்வாங்கின. மருத்துவப் பிரிவினரிடம் போதிய வண்டிகள் இல்லை. கருவிகளை விட்டுவிட்டுப் புறப்பட்டால் உயிர் தப்பலாம். ஆனால் கத்தியும் கட்டுத்துணியும் மருந்தும் இல்லாத மருத்துவர் போர்க்களத்தில் யாருக்குப் பயன்படுவர்? ரங்கராஜ் அவற்றை விட மனம் ஒப்பவில்லை. இரயில் நிலையத்தில் கேட்பாரற்று நின்ற ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் அவருடைய ஆட்கள் கண்டுபிடித்தனர். எஞ்சின் வேலை சிறிது அறிந்தோர் அவர்களுள் இருந்தனர். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பினர், நெருப்பு மூட்டினர், கருவிகளை ஏற்றினர். பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னரே அந்த இரயில் ஆற்றைக் கடந்து தெற்கே சென்றது.

இந்நிகழ்ச்சி பலரும் அறிந்தது. இதற்குப் பின் வந்த நாட்களின் அன்றாட வாழ்வே நம் கேள்விக்கு விடை தருவது. பிரிவு இரண்டாயிற்று. ஒரு பகுதி காமன்வெல்த் படையணியுடன் போர்முனையில் நின்றது. மற்றொரு பகுதி மேஜர் என். பி. பானர்ஜியின் தலைமையில் டேகு நகரில் தங்கி, கொரிய வீரருக்கும் பொதுமக்களுக்கும் மருத்துவம் செய்தது. கொரிய மருத்துவருக்கும் செவிலியருக்கும் பயிற்சியும் அளித்தது. 1951 மார்ச் 23-ஆம் நாள் முன்சான் என்னுமிடத்தில் அமெரிக்கப் பாராசூட் வீரர் ஆயிரக்கணக்கில் குதித்தபோது, ரங்கராஜ் உள்ளிட்ட நம்மவர் 12 பேர் குதித்துக் காயமுற்றோரைக் காத்தனர். ரங்கராஜுக்கும் பானர்ஜிக்கும் மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது.

நேயர்களே, மலைகள் நிறைந்த அந்நாட்டில் காயமுற்றவனைக் கீழே கொண்டுவருவது யார் என்று எண்ணிப் பாருங்கள். வண்டி ஏறாத சரிவுகளில் மனிதத் தோளே வண்டி. அப்பணியைச் செய்தோர் பெரும்பாலும் கொரியச் சேவைப் படையினர். கையில் துப்பாக்கி இல்லாத அவர்கள் இளைஞரும் அல்லர். பலர் முப்பத்தைந்து வயது கடந்த குடும்பத்தார். 'ஜிகே' என்னும் மரச்சட்டத்தை முதுகில் மாட்டிக்கொண்டு, ஏறத்தாழ 23 கிலோ சுமையுடன் நாளொன்றுக்கு 16 கிலோமீட்டர் நடப்பது அவர்களுக்கு வகுக்கப்பட்ட கணக்கு. மேலே செல்லும்போது குண்டும் உணவும் சுமப்பர். இறங்கும்போது காயமுற்றவனைத் தூக்கி வருவர். அவர்கள் தூக்கி வருபவனை வாங்கிக் கிடத்துவது நம்மவர் கை. ஒருவர் சொல் மற்றவருக்குத் தெரியாது. தூக்குபடுக்கையை இறக்கும்போது மட்டும் இருவர் கைகளும் ஒரே கணத்தில் தாழ்ந்தாக வேண்டும். இல்லையேல் படுத்திருப்பவன் அலறுவான். அங்கே ஒரு மொழி பிறக்கிறது. தலையசைப்பும் கண்ணசைப்புமே அதன் எழுத்துகள்.

எனினும், அருகருகே நிறுத்திவிட்டால் மட்டும் இத்தகைய ஒருமை வந்துவிடாது. 1950 ஆகஸ்டில் அமெரிக்கப் படை, கொரிய இளைஞரைத் தன் பிரிவுகளில் சேர்த்துக்கொண்டது. ஓர் அமெரிக்க வீரனுக்கு ஒரு கொரியத் தோழன் என்பது திட்டம். அவ்விளைஞருள் பலர் சில வாரப் பயிற்சிகூடப் பெறாதவர், ஆங்கிலம் அறியாதவர். தோழன் என்று தாளில் எழுதியாயிற்று. தோழமைக்கு வேண்டிய சொற்கள் இருவரிடமும் இல்லை. ஆகவே பல பிரிவுகளில் அம்முறை கைவிடப்பட்டு, கொரியர் தனிக் குழுக்களாக அமைக்கப்பட்டனர். ஒருவருக்கு ஒருவர் என்று கணக்கிட்டுக் கூட்டுவது எளிது. ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கும்படி செய்வதற்குத்தான் காலமும் பொறுமையும் தேவைப்படுகின்றன.

மொழியைப் பற்றிப் பேசும்போது, தமிழர்க்கு வியப்பூட்டும் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொரிய மொழியில் குழந்தை தந்தையை அழைப்பது 'அப்பா' என்றே. தாயை அழைக்கும் சொல் 'ஒம்மா' என்று ஒலிக்கும். நாளுக்கு 'நால்' என்பர்; புல்லுக்குப் 'புல்' என்பர். இவ்வொற்றுமைகளைக் கொண்டு இரு மொழிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முடிவு கட்டுவதை மொழிநூலார் ஏற்பதில்லை. நாமும் அதற்கு வாதாடவில்லை. நாம் சொல்ல வந்தது வேறொரு சொல்லைப் பற்றி. 'வலிக்கிறது' என்பதற்குக் கொரியர் சொல்லும் சொல்லும் ஏறக்குறைய 'அப்பா' என்றே நம் செவியில் விழும். கொரியருக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். தந்தையைக் குறிக்கும் சொல்லில் பகரம் இறுகி ஒலிக்கும். வலியைக் குறிக்கும் சொல்லில் மூச்சுக் காற்றோடு வெடிக்கும். தமிழில் அவ்வேறுபாடு இல்லாமையால் நாம் அதை உணர்வதில்லை.

டேகு மருத்துவமனைக் கூடாரம் ஒன்றில் நள்ளிரவில் காயமுற்ற கொரிய வீரன் ஒருவன் முனகுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காவலிருக்கும் நம் தமிழ்ச் செவிலிப் பணியாளன் 'அப்பா' என்று கேட்கிறான். ஊரிலுள்ள தந்தையை நினைத்து ஏங்குகிறான் போலும் என்று எண்ணி வாளாவிருந்தால், வலி வலியாகவே நிற்கும். ஆனால் அவன் அவ்வாறு வாளாவிருக்க மாட்டான் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஏனெனில் தமிழனும் அடிபட்டால் 'அப்பா' என்றும் 'அம்மா' என்றும் அலறுபவன்தானே! சொல்லைத் தவறாகக் கேட்டாலும் நோவைச் சரியாகவே கேட்டிருப்பான்.

செவி எல்லாக் காலத்திலும் இவ்வாறு கைகொடுப்பதில்லை என்பதற்கு நாமே சான்று. அதைச் சொல்ல நமக்கு நாணமாகவே இருக்கிறது, ஆயினும் சொல்கிறோம். பணி மாற்றம் பெற்றுப் பெங்களூர் வந்த முதல் ஆண்டில், உடன் பணியாற்றும் கன்னட நண்பர் ஒருவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலில் ஆழ்ந்த காயமுற்றார். மருத்துவமனையில் இரவு அவருக்குத் துணையாக நாம் இருந்தோம். கன்னடம் தமிழுக்கு உடன்பிறந்த மொழி, தனியே கற்பானேன் என்பது அந்நாளில் நம் எண்ணம். நள்ளிரவில் அவர் கண் விழித்து, கட்டைக் காட்டி, 'உரி, தும்பா உரி' என்றார். கட்டு இறுக்கமாக இருக்கிறது, அதை உரி என்று வேண்டுகிறார் என நாம் கொண்டோம். செவிலி வேறு கூடத்திலிருந்தார். நாம் மெல்லக் கட்டை அவிழ்த்தோம். காயம் திறந்து குருதி கசிந்தது. நண்பர் துடித்தார். செவிலி ஓடி வந்து மீண்டும் கட்டிய பின்னர்தான், கன்னடத்தில் 'உரி' என்றால் எரிச்சல் என்பதும், 'மிகவும் எரிகிறது' என்றுதான் அவர் சொன்னார் என்பதும் நமக்கு விளங்கின.

செவிலி நம்மை நோக்கி, 'கன்னடம் தெரியாதென்றால் என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, சார்?' என்று மட்டும் கேட்டார். நம்மிடம் விடை இல்லை. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவர் நாம். தெரியாத மொழி என்றிருந்தால் நாம் எச்சரிக்கையாக இருந்திருப்போம்; தெரிந்த மொழி என்று மயங்கியதே தீங்காயிற்று. மறுவாரமே ஒரு கன்னடப் பாலபாடம் வாங்கினோம். அதில் நாம் முதலில் தேடிய சொல் வலியைக் குறிப்பது. அது 'நோவு' என்றிருந்தது. நம் பாட்டிமார் வழங்கிய அதே நோவுதான்! உரியில் பிரிந்த இரு மொழிகளும் நோவில் ஒன்றாக இருந்தன.

இச்செய்தியை நாம் அல்சூரில் நம் தெருவில் வாழும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் சொன்னோம். இராணுவ மருத்துவப் படையில் பணியாற்றியவர் அவர். சில ஆண்டுகளுக்கு முன் ஐக்கிய நாடுகளின் அமைதிப்படையில் காங்கோ நாட்டின் கோமா நகருக்குச் சென்று வந்தவர். அங்கே இந்தியப் படையினர் ஒரு மருத்துவமனையை நடத்தி வந்தனர். கீவூ ஏரிக்கரையிலுள்ள அந்நகரத்தின் தரை, நிராகோங்கோ எரிமலை கக்கிய கருங்குழம்பு இறுகிய பாறை. கூடாரத்துக்கு முளையடிப்பதே பெரும்பாடு என்றார் அவர்.

அவருடைய ஒரு நாளைக் கேட்டோம். விடியலில் எழுந்தவுடன் மின்னாக்கியில் எண்ணெய் பார்த்தல், தண்ணீர்த் தொட்டியில் மருந்து கலத்தல், மலேரியா மாத்திரை விழுங்குதல், கொசுவலையைச் சரிபார்த்தல். பிறகு நோயாளிகள். அவர்களுள் பல நாட்டு அமைதிப்படையினரும் உண்டு. காங்கோ நாட்டு வீரரும் உண்டு. அவ்வீரருள் பலருடைய மனைவி மக்கள் முகாமை ஒட்டியே குடிசையிட்டு வாழ்ந்தனர். ஆகவே வீரனுக்குக் காய்ச்சல் என்றால் குடும்பமே வாயிலில் வந்து நிற்கும். நான்கு மணிக்குத் தேநீர். வாயிற்காவலில் நிற்கும் அந்நாட்டு வீரருக்கும் ஒரு குவளை போகும். அங்குள்ளோர் பேசும் சுவாஹிலி மொழியில் தேநீர் 'சாய்', மருந்து 'தவா', சப்பாத்தி 'சப்பாத்தி'தான். கடல் வழி வந்த வணிகரின் கொடை அது. படையில் இந்தி கற்ற தமிழனுக்கு ஆப்பிரிக்காவின் நடுவே அவை தெரிந்த முகங்களாக எதிர்ப்பட்டன.

'ஆனால் சார், அங்கே நான் கற்ற முதல் சொல் இவற்றில் ஒன்றும் இல்லை' என்றார் சுபேதார். 'போலே என்று ஒரு சொல் உண்டு. நம் தமிழ்ப் போல இல்லை. அடிபட்டவனைப் பார்த்தாலும், வீட்டில் துக்கம் நேர்ந்தவனைப் பார்த்தாலும், களைத்து வந்தவனைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். உன் துன்பம் எனக்குத் தெரிகிறது என்று பொருள். அதைச் சொல்லாமல் ஊசியை எடுத்தால் அவர்கள் முகம் சுருங்கிவிடும்.'

ஒரு நாள் மாலை, காயமுற்ற தோழனைத் தாங்கிக்கொண்டு காங்கோ வீரன் ஒருவன் வந்தானாம். மருத்துவமனைக்குள் துப்பாக்கியுடன் நுழையக்கூடாது என்பது விதி. அவனோ துப்பாக்கியை விட மறுத்தான். மொழிபெயர்க்கும் உதவியாளர் உணவருந்தச் சென்றிருந்தார். காவலர் கை நீட்டினர். அவன் குரல் உயர்ந்தது. சுபேதார் அருகே சென்று, துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், தோழனின் காயத்தைப் பார்த்து, 'போலே, போலே சானா' என்றார். மிகவும் வருந்துகிறேன் என்பது அதன் கருத்து. அவ்வீரன் சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு துப்பாக்கியைத் தன் நாட்டுக் காவலன் ஒருவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தான். காயமுற்றவன் பிழைத்தானா என்று கேட்டோம். 'ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று, சார். உயிர் பிழைத்தான்' என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

நேயர்களே, அயல்நாட்டாருக்கு அருகிருந்து செய்யும் பணியெல்லாம் அன்பிலேயே முடியும் என்று நாம் சொல்ல வரவில்லை. கொரியாவையே மீண்டும் பாருங்கள். 1953 ஜூலை 27-ஆம் நாள் போர் நின்ற பின், நாடு திரும்ப விரும்பாத கைதிகளைக் காக்க இந்தியக் காவற்படை ஒன்று சென்றது. கைதிகள் பற்றிய நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைவர் ஜெனரல் திம்மையா. குடகில் பிறந்து, பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் பயின்றவர். நம் நகரின் ரிச்மண்ட் சாலை பின்னாளில் அவர் பெயரைப் பெற்றது. அன்றைய தென்கொரிய அரசு, அக்காவற்படை தன் மண்ணில் கால் வைக்கவே இசையவில்லை. கப்பலில் வந்தோரை ஹெலிகாப்டர்களில் ஏற்றிப் போர்நிறுத்த எல்லைப் பகுதிக்குக் கொண்டு சென்றனர். மூன்றாண்டுகளாக இந்திய மருத்துவரின் கைகளில் கொரியர் உயிர் பிழைத்து வந்த அதே நாட்டில் இது நிகழ்ந்தது! அரசுகளின் முகம் காலந்தோறும் மாறும். கட்டுப்போட்ட கையை நோயாளி மறப்பதில்லை. 2021-ஆம் ஆண்டு தென்கொரியாவின் இம்ஜிங்காக் என்னுமிடத்தில் இந்திய-கொரிய நட்புறவுப் பூங்கா திறக்கப்பட்டது. அந்நினைவு எழ எழுபது ஆண்டுகள் ஆயின. எழுந்ததே, அது போதும்.

இன்று நம் உரையைக் கேட்பவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்பவர்கள். தில்லியில் கரோல்பாக்கிலும், மும்பையில் மாதுங்காவிலும் தாராவியிலும், கொல்கத்தாவிலும், பெங்களூரிலும் வாழும் நாம் யாரும் சீருடை அணிந்தவர் அல்லோம். ஆயினும் பணியின் பொருட்டு அயல்மண்ணில் இறங்கி, அம்மண்ணுக்கு உரியவரோடு நாள்தோறும் தோள் உரசி வாழ்பவர்களே. நமக்குச் சங்கங்கள் உண்டு, கோயில்கள் உண்டு, பொங்கல் விழாக்கள் உண்டு. அவை வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டார் நள்ளிரவில் கதவைத் தட்டி, தம் மொழியில் ஒரு சொல் சொன்னால், அது நமக்கு விளங்குமா? கடைக்குரிய எண்களையும், வண்டிக்காரரிடம் வழி சொல்லும் சொற்களையும் எல்லோரும் முதலில் கற்றுவிடுகிறோம். அவை நம் தேவைக்கான சொற்கள். அடுத்தவர் தேவைக்கான சொல் ஒன்றையும் அவற்றோடு சேர்த்துக் கற்பது நன்று.

நம் கன்னட நண்பர் இன்றும் நம்முடன் பணியாற்றுகிறார். கால் முற்றும் ஆறிவிட்டது. ஒரு நீண்ட தழும்பு மட்டும் இருக்கிறது. மழைக்காலத்தில் அவர் சற்று நொண்டி நடப்பதுண்டு. அப்போதெல்லாம் நாம் அருகே சென்று 'நோவா?' என்று கேட்போம். அவர் சிரித்துக்கொண்டே, 'நோவு உண்டு, உரி இல்லை. நீங்கள் கட்டின் பக்கம் வராதீர்கள்' என்பார்.